அந்த ஒரு வரி

பேனா இருக்குமா அக்கா? எந்த மையா இருந்தாலும் பரவாயில்லை. ஒரே ஒரு கையெழுத்துதான். போட்டுட்டு உடனே குடுத்துடறேன்.

பிள்ளையை நீங்க வாங்க வேண்டாம். தூங்குறா. கை மாறினா முழிச்சுக்குவா, முழிச்சா ஜன்னலோரம் வேணும்னு ஒரே அடம். மடியிலேயே கிடக்கட்டும்.

மூடியை நீங்களே கழட்டிக் குடுத்துடுங்க. என் விரலைப் பாத்துட்டீங்களா? அழுக்கு இல்லை அக்கா. முந்திரிக்கொட்டை உடைக்கிற கை. அந்த எண்ணெய் பட்டா இப்படித்தான் கருத்துப் போகும், தோல் உரியும். சோப்புக்கும் போகாது, சாம்பலுக்கும் போகாது. ரேகையே அழிஞ்சு போச்சு எனக்கு. ரேஷன் கடை மெஷின்ல விரலை வச்சா வச்சுக்கிட்டே இருக்க வேண்டியதுதான். நான் யாருன்னே அதுக்குத் தெரியாதாம். அதனால எந்த ஆபீசுக்குப் போனாலும் எனக்குக் கையெழுத்துதான். அஞ்சாவது வரைக்கும் போனேன். பேரு எழுத வரும். வினோதினின்னு. நிதானமா எழுதினா சுழியெல்லாம் சரியா விழும்.

இந்த பஸ் என்ன இப்படி ஆடுது. இப்ப போட்டா கோணிக்கும். ரயில்வே கேட்டு கிட்ட எப்படியும் நிக்கும், அங்க போட்டுக்கறேன். அதுவரைக்கும் பேனா என்கிட்ட இருக்கலாமா? நீங்க எங்க இறங்கறீங்க? கேட்டுலயேவா? அப்ப சரி.

இதுவா, வீட்டு வரி தள்ளுபடி ஃபாரம். இன்னிக்குச் சாயந்திரத்துக்குள்ள பேரூராட்சி ஆபீஸ்ல குடுக்கணும். இன்னிக்கு விட்டா அவ்வளவுதான். பாருங்க, பரவாயில்லை, பாக்கக் கூடாதது ஒண்ணும் இல்லை. ஆமாம், இறந்தவர் பேரு தணிகைவேல்னு இருக்கே, அது இவ அப்பாதான்.

நீங்களும் கேள்விப்பட்டிருக்கீங்களா? பேப்பர்ல வந்தது. மீசையோட ஒரு போட்டோ போட்டிருந்தாங்க. மெயின் ரோட்டுல எடைமேடைக்கு எதிர்ல பஞ்சர் கடை வச்சிருந்தார். கடைன்னா என்ன, மேல ரெண்டு தகரம், அடியில ஒரு கம்ப்ரசர், ஒரு தொட்டித் தண்ணி.

வெள்ளம் வந்தா ஆளுங்களைக் காப்பாத்தறதுக்குன்னு எங்க பேரூராட்சியில இருபது பேரைச் சேர்த்து ஒரு வாரம் பயிற்சி குடுத்தாங்க. சம்பளமெல்லாம் கிடையாது. ஆரஞ்சு கலர்ல ஒரு சட்டை, கழுத்துல மாட்டிக்க ஒரு விசில், ஒரு கட்டுக் கயிறு. சட்டை முதுகுல 'தன்னார்வலர்'னு எழுதியிருக்கும். எனக்கு அந்த வார்த்தையே அப்பத்தான் தெரியும். என்னங்க அப்படின்னான்னு கேட்டேன். "யாரும் கூப்பிடாமலே தானா போறவன்"னார். "அப்ப பத்திரிகை வைக்காத கல்யாணத்துல போய்ச் சாப்பிடறவங்களும் தன்னார்வலர்தானா"ன்னேன். அந்தச் சிரிப்பு சிரிச்சார். கடைக்குப் போயும் அவரோட கூட்டாளி முபாரக் அண்ணன்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருக்கார்.

நான் பேசினா சிரிக்கிற ஆளு அவர் ஒருத்தர்தான் அக்கா. மத்தவங்ககிட்ட எனக்குப் பேச்சே வராது. கொட்டகையில காலையில உட்கார்ந்தா சாயந்திரம் வரைக்கும் கொட்டை உடைபடற சத்தம்தான். வீட்டுக்கு வந்தா இவ. இவகிட்ட என்ன பேசறது, சாப்பிடுடி, தூங்குடி. உங்ககிட்ட எப்படி இவ்வளவு வருதுன்னு தெரியலை. உங்களை நான் மறுபடி பாக்கப் போறதில்லை, அதனாலயோ என்னமோ.

போன வருஷம் தீர்மானம் போட்டாங்க. மீட்பு வேலைக்குத் தன்னார்வலரா போய் உயிரை விட்டவங்க வீட்டுக்கு வரி கிடையாதுன்னு. எங்க பேரூராட்சியில அப்படிப் போனது இவர் ஒருத்தர்தான். என் ஒருத்திக்காகப் போட்ட தீர்மானம்னே வச்சுக்கலாம். மேடையில உட்கார வச்சாங்க. மைக்கைக் குடுத்து ரெண்டு வார்த்தை பேசும்மான்னாங்க. நான் மைக்கை வாங்கி மடியில வச்சுக்கிட்டேன். இவ அதை எடுத்து ஊதினா. எல்லாரும் கை தட்டினாங்க.

அப்புறம் கவுன்சிலர் லோகாம்பாள் அக்கா வீட்டுக்கே வந்து இந்த ஃபாரத்தைக் குடுத்தாங்க. "இந்தா வினோதினி, ஒரே ஒரு வரிக்குக் கீழ கையெழுத்துப் போடு. உன் வீட்டுக்கு இனிமே வரியே கிடையாது"ன்னாங்க. கொட்டகையிலயும் அதே பேச்சுதான். "உனக்கென்னடி, ஊரு கட்டும், நீ காலை நீட்டிப் படுப்ப"ன்னாங்க. விளையாட்டுக்குச் சொல்றதுதான். நானும் சிரிச்சேன். சிரிக்கலைன்னா அடுத்த நாள் பக்கத்துல உட்கார மாட்டாங்க.

வேண்டாம்னு சொல்ற நிலைமையில நான் இல்லை அக்கா. அவர் போனதுலேர்ந்து வரி கட்டலை. அடுத்த மாசம் தண்ணிக் குழாயை அடைச்சிடுவோம்னு கதவுல சீட்டு ஒட்டிட்டாங்க. குழாயை அடைச்சா இவளை இடுப்புல வச்சுக்கிட்டு மேட்டுத் தெருவுக்குப் போய்த் தண்ணி தூக்கணும். அப்புறம் கொட்டகைக்கு எப்பப் போறது? வீட்டை விட்டுட்டு எங்க அண்ணன் வீட்டுக்கு வந்துடுன்னு அம்மா சொல்றாங்க. அண்ணி ஒண்ணும் சொல்லலை. ஒண்ணும் சொல்லலைன்னாலே தெரிஞ்சுக்க வேண்டியதுதான். அது அவர் கட்டின வீடு. ஜன்னலுக்குக் கம்பி வாங்கறதுக்குள்ள மழை வந்துடுச்சுன்னு டயரை அறுத்துத் தட்டி மாதிரி அடிச்சு வச்சார். இன்னும் அதுதான் இருக்கு.

போட்டா முடிஞ்சது. மூணு தடவை ஆபீசுக்குப் போயிட்டேன், மூணு தடவையும் போடாமத் திரும்பிட்டேன். மடிச்சு மடிச்சு ரெண்டு கிழிஞ்சு போச்சு, இது மூணாவது ஃபாரம்.

இதோ, கீழேயிருந்து மூணாவது வரி. விரல் வைக்கிறேன் பாருங்க. 'எனது கணவர் எவருடைய தூண்டுதலும் இன்றி, தமது சொந்த விருப்பத்தின் பேரில் மீட்புப் பணிக்குச் சென்றார் என உறுதி கூறுகிறேன்.' மத்ததெல்லாம் எழுத்துக் கூட்டித்தான் படிச்சேன். இது எனக்கு மனப்பாடம்.

முதல் தடவை போனப்பவே கேட்டேன். அங்க சுகுமார் சார்னு ஒரு கிளார்க், நல்ல மனுஷன். "சார், இந்த வரியை அடிச்சிடலாமா"ன்னேன். "அதைத்தாம்மா அடிக்கப் போறோம், அதுக்குத்தான் ஃபாரமே"ன்னார். "அந்த வரி இல்லை சார், இந்த வரி"ன்னு விரல் வச்சுக் காட்டினேன். கண்ணாடியை ஏத்திவிட்டுப் பாத்தார். "இந்த வரி இருந்தாத்தாம்மா அந்த வரி போகும்"னார். பக்கத்து மேஜை அம்மா டீ கிளாசை கீழ வச்சுட்டுச் சிரிச்சாங்க. எனக்கு அவமானமா இருந்தது.

எதுக்கு சார் இந்த வரின்னேன். "நாளைக்கு யாராச்சும் வந்து, ஆபீசருங்கதான் மிரட்டி அனுப்பினாங்கன்னு கேஸ் போடக் கூடாதில்லையா. அதுக்குத்தான். உனக்கு ஒண்ணும் இல்லை, சும்மா போடு"ன்னார்.

"தூண்டுதல்னா என்ன சார்"னேன்.

"யாராச்சும் போ போன்னு சொல்லி அனுப்பறதும்மா. அப்படி யாரும் சொல்லலையே?"

பிள்ளைக்கு ஒண்ணுக்கு வருதுன்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டேன்.

நான்தான் அக்கா சொன்னேன். போன்னு சொன்னது நான்தான்.

இதை யார்கிட்டயும் சொன்னதில்லை. எங்க மாமியார் பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு புறப்படறப்ப கேட்டாங்க. "நீயாவது போகாதன்னு தடுத்திருக்கலாமேடி." பெரிய பிள்ளை வீட்டுல இருக்காங்க அவங்க, அன்னிக்கு அவர் போனப்ப இங்க இல்லை. "தடுத்தேன் அத்தே, கேக்கலை"ன்னுட்டேன். அது ஒரு பொய். வாயில சொன்னது, காத்தோட போகும்னு விட்டேன். போகலை. இது எழுத்து. இதுல உறுதி கூறுகிறேன்னு இருக்கு.

மழை பிடிச்ச முதல் நாளே விடியறதுக்கு முன்னாடி போயிட்டார். நாள் பூரா தண்ணியில கிடந்துட்டு, பொழுது சாயறப்ப வந்தார். கால்ல தகரம் கிழிச்சு சதை பிளந்து தொங்குது. மஞ்சளை அரைச்சு வச்சுக் கட்டினேன். கட்டிக்கிட்டே அழுதேன். இவளுக்கு அப்ப ரெண்டு வயசு. இவளைத் தூக்கி அவர் முன்னாடி நிறுத்தி, பிள்ளை தலையில கையை வச்சு, இனிமே தண்ணியில இறங்க மாட்டேன்னு சொல்லுங்கன்னேன். "என்னாடி இது, சினிமாவாட்டம்"னார். சொன்னாத்தான் ஆச்சுன்னேன். வச்சார். சொன்னார்.

அதுல ஒண்ணு பாருங்க, சொன்னா காப்பாத்தற ஆளு அவர். பீடியை அப்படித்தான் விட்டார்.

மறுநாள் காலையில, கடையில தண்ணி ஏறிச்சான்னு பாத்துட்டு வரேன்னு கிளம்பினார். கடைதானே, மேட்டுலதானே இருக்குன்னு விட்டேன். போனவர் வர்றதுக்கு ரொம்ப நேரமாச்சு. வர்றப்ப நாலு லாரி டியூப். ரெண்டு ரெண்டா கயிறு போட்டுக் கட்டி, நொண்டிக்கிட்டே உருட்டிட்டு வந்தார். "இதெல்லாம் எதுக்குங்க"ன்னா, கடையில விட்டா எலி கடிச்சிடும்னார். வாசலை அடைச்சுக்கிட்டு நின்னது. ஆள் போக வர வழி இல்லை. இவ அது மேல ஏறி டுர்டுர்னு வண்டி ஓட்டினா.

ஈரச் சட்டையை மாத்துங்கன்னேன். அந்த ஆரஞ்சு சட்டைதான். இருக்கட்டும்னார். கழுத்துல விசில் கூடக் கழட்ட மறந்துட்டு, கஞ்சியைக் குடிச்சார். குடிச்சுட்டு வாசல் பக்கமா சுவத்துல சாய்ஞ்சு உட்கார்ந்துக்கிட்டார். எனக்கு நிம்மதி. வீட்டுல இருக்காரேன்னு. மழை பெய்யறப்ப அவர் வீட்டுல இருந்ததே இல்லை. மழையில ஆணி மேல வந்துடும், பஞ்சர் அப்பத்தான் நிறைய வரும். அன்னிக்குப் பகல்ல அவரும் நானும் பிள்ளையும் ஒரே ரூம்ல இருந்தோம். வடை சுடலாமான்னு கூட நினைச்சேன். பருப்பை ஊறப் போட்டேன்.

அப்பத்தான் ஃபோன் அடிச்சது. முபாரக் அண்ணன். அவரும் அந்த இருபது பேர்ல ஒருத்தர்.

எடுக்கலை. தரையில கவுத்து வச்சார். நின்னது. மறுபடி அடிச்சது. எடுக்கலையான்னேன். "சத்தியம் பண்ணியிருக்கேன்ல"ன்னார். கோபமா இல்லை, சும்மாத்தான் சொன்னார். மறுபடி அடிச்சது. பாய்ல ஒரு கோரை பிரிஞ்சு இருந்தது. அதைப் பிச்சுக்கிட்டே இருந்தார். ஃபோனைப் பாக்கறார், என்னைப் பாக்கறார், கோரையைப் பிக்கறார். ஏழு தடவை அடிச்சது அக்கா. ஏழாவது தடவை பிள்ளை முழிச்சுக்கிட்டு வீல்னு அழுதா. என்னால அந்த மூஞ்சியைப் பாக்க முடியலை. என்னமோ நான் அவரைக் கட்டிப் போட்டு வச்சிருக்கற மாதிரி.

"போங்க"ன்னேன்.

உங்க பக்கமும் அப்படித்தானே அக்கா, வீட்டை விட்டுப் போறவங்களைப் போங்கன்னு சொல்ல மாட்டோம். போயிட்டு வாங்கன்னுதான் சொல்லுவோம். பால்காரருக்கே அப்படித்தான் சொல்லுவேன். அது தானா வாயில வரும், யாரும் சொல்லிக் குடுக்கறதில்லை. அன்னிக்குப் போங்கன்னு மட்டும் வந்தது. மீதி வரலை. அவர் மேல கோபமா, ஃபோன் மேல கோபமா, எதுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலை. மீதி வரலை.

சொல்லி வாயை மூடலை, எழுந்துட்டார். ரெண்டு டியூப்பை ஒரு தோள்ல, ரெண்டை இன்னொரு தோள்ல மாட்டிக்கிட்டு இறங்கிட்டார். தெரு முனையில திரும்பிப் பாத்து "வரேன்"னார். அவர் சரியாத்தான் சொன்னார். சிரிச்ச மாதிரி இருந்தது. மழையில நல்லாத் தெரியலை.

செங்கல் சூளையில மாட்டிக்கிட்டவங்க. பிள்ளை குட்டியோட கூரை மேல ஏறி உட்கார்ந்திருக்காங்க. மூணு நடை போய் எல்லாரையும் கொண்டு வந்துட்டார். நாலாவது நடை ஒரு கிழவருக்காகப் போனார். தண்ணிக்கு அடியில கருவேல முள் இருந்திருக்கு. டியூப் போயிடுச்சு. ஊரு வண்டிக்கெல்லாம் பஞ்சர் ஒட்டினவர்.

கிழவர் ஒரு மரத்தைப் பிடிச்சுக்கிட்டாராம். பொழைச்சுக்கிட்டார். பொங்கலுக்குப் பொங்கல் கரும்பு கொண்டு வந்து வாசல்ல வச்சுட்டுப் போவார். உள்ள வாங்கன்னா வர மாட்டார்.

இப்பச் சொல்லுங்க, எப்படிப் போடறது இந்தக் கையெழுத்தை? எவருடைய தூண்டுதலும் இன்றியாம். அவர் பேசாமத்தான் உட்கார்ந்திருந்தார். போகணும்னு ஒரு வார்த்தை கேக்கலை. எலி கடிக்கப் போகுதுன்னு டியூப்பைப் பத்திரமா எடுத்து வந்துட்டு, கஞ்சி குடிச்சுட்டு, வீட்டோட இருந்த மனுஷனை, நான்தான்...

வந்துடுச்சா கேட்டு? ஆமாம், சாத்தியிருக்கு. இருங்க, எப்படியும் ரயில் போக நேரமாகும். எல்லாரும் இறங்கட்டும், அப்புறம் இறங்கலாம்.

என்ன கேட்டீங்க? காதுல விழலை.

டியூப்புக்கா? அவர்தான் காத்து அடிச்சார். வேற யார் அடிப்பா? எப்பன்னா, அன்னிக்குக் காலையிலதான், கடைக்குப் போனார் இல்லையா, அப்ப. கம்ப்ரசர்ல இல்லை. அன்னிக்கு ஊரு பூரா கரண்ட் கிடையாது. கைப்பம்ப்புலதான் அடிச்சிருக்கணும். லாரி டியூப் அக்கா, லேசுப்பட்டது இல்லை, ஒண்ணு அடிக்கறதுக்குள்ள கை கழண்டுடும். அதுவும் பம்ப்பை மிதிச்சுப் பிடிச்சுக்க அந்த அடிபட்ட கால்தான்...

எலி கடிச்சிடும்னுதான் அக்கா எடுத்துட்டு வந்தார். அவரே சொன்னார்.

எலிக்குன்னா...

காத்து இல்லாத டியூப்பை மடிச்சா நாலும் ஒரு கோணிப் பையில அடங்கும். கட்டிலுக்கு அடியில தள்ளிடலாம். எனக்குத் தெரியாதா, நான் பஞ்சர் கடைக்காரர் பொண்டாட்டி. காத்தடிச்சு, கயிறு கட்டி, வாசலை அடைச்சு வைக்கணும்னு என்ன?

சட்டையும் மாத்தலை. விசிலும் கழட்டலை.

இல்லை அக்கா, நான் அழலை. சும்மா இருங்க. யோசிக்கறேன்.

அப்ப பிள்ளை தலையில கை வச்ச ஈரம் காயறதுக்கு முன்னாடியே, மறுநாள் காலையிலேயே கடைக்குப் போய்...

அவர் போன பிறகு எனக்குன்னு என்ன இருக்கு சொல்லுங்க. சட்டையைப் பேரூராட்சி ஆபீஸ்ல கண்ணாடிப் பெட்டியில போட்டு மாட்டிட்டாங்க. நல்ல போட்டோ ஒண்ணு இருந்தது, கவுன்சிலர் அக்கா வாங்கிட்டுப் போனாங்க. பேரை சூளைக்காரங்க அவங்க பிள்ளைக்கு வச்சுட்டாங்க. எனக்குன்னு இருந்தது அந்தப் 'போங்க' ஒண்ணுதான். நான்தான் அனுப்பினேன், நான்தான் அனுப்பினேன்னு ரெண்டு வருஷமா அதோடதான் படுக்கறேன், அதோடதான் எழுந்திரிக்கறேன். அதுவும் என்னோடது இல்லையா அக்கா?

நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். எனக்கே தெரியுது.

ஆனா ஒண்ணு. நான் சொல்ற வரைக்கும் அவர் எழுந்திரிக்கலை. காத்தெல்லாம் அடிச்சு, சட்டையைப் போட்டு, எல்லாம் தயாரா வச்சுக்கிட்டு, ஏழு தடவை அடிக்க விட்டுட்டு, என் வாயைப் பாத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தார் இல்லையா? அதை எழுத இந்த ஃபாரத்துல இடம் இருக்கா? இல்லை. இருந்தாலும் எனக்கு எழுத வராது.

எல்லாரும் இறங்கிட்டாங்க. நீங்களும் போகணும், உங்களை நிறுத்தி வச்சுட்டேன். ஒரு நிமிஷம். பஸ் நிக்கறப்பவே போட்டுடறேன். இவ முதுகு மேல வச்சுத்தான் போடணும், வேற இடம் இல்லை. அழுத்தாமப் போடறேன். வி... நோ... தி... னி. கடைசிச் சுழி ஒட்டலை பாருங்க. பரவாயில்லை, சுகுமார் சார் ஒண்ணும் சொல்ல மாட்டார்.

இந்தாங்க பேனா. மூடி உங்க கையிலதான் இருக்கு.

பாத்து இறங்குங்க, படி உயரம். ரயில் போனப்புறம் தாண்டுங்க, அவசரப்படாதீங்க.

போயிட்டு வாங்க அக்கா.